ஐம்பது தாண்டிய புலி மறுபடி காட்டை ஆளுமா?

என் அக்காள் மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். அங்கே கவடியார் பக்கம் ஒன்பது குழி கொண்ட பழைய கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. கூட வேலை பார்க்கும் யாரோ ஒரு நாள் அவனை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. போன வாரம் ஊருக்கு வந்தவன், குலசேகரம் சந்தையில் நான் ஏத்தன் குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, "மாமா, டைகர் உட்ஸுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காயமெல்லாம் ஆறி முழு உடம்போடு வந்தால் பழையபடி எல்லாரையும் ஓரங்கட்டுவாரா? 2019இல் செய்து காட்டினாரே?" என்று கேட்டான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 1999 முதல் பத்தொன்பது ஆண்டு துபாயில் கோல்ஃப் மைதானங்களில் புல் வெட்டியவன் நான். மட்டையைப் பிடித்து ஆடியது ஐந்தாறு தடவைகூட இராது. ஆனால் ஆடுகிறவர்களின் கால் தடத்தை விடியுமுன் சரிசெய்வதே என் பிழைப்பாக இருந்தது. யார் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறார், மணற்குழியிலிருந்து எப்படி ஏறி வருகிறார் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிய சங்கதி. சந்தையில் குலைக்காரர் அவசரப்படுத்தியதால் அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை எழுதிவிடுகிறேன். அவனைப் போல் கேட்கிற மற்றவர்களுக்கும் ஆகும்.

திரும்ப முடியாது. அவ்வளவுதான் பதில். ஆனால் ஏன் முடியாது என்பதற்கு ஊரில் எல்லாரும் சொல்லும் காரணம், "வயதாகிவிட்டது, பலம் போய்விட்டது" என்பது, தப்பு. 2019 வெற்றியைக் காட்டி "முடியும்" என்று சொல்வதும் அதே அளவு தப்பு.

முதலில் ஆதிக்கம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். கோல்ஃபில் ஒரு பெரிய போட்டி என்பது நான்கு நாள், 72 குழி. யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவர் வென்றவர். ஆண்டுக்கு நான்கு போட்டிகள் மட்டும் 'மேஜர்' என்ற தகுதி பெற்றவை. 1999 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் தொடங்கி 2002 அமெரிக்க ஓப்பன் வரை நடந்த மேஜர்கள் பதினொன்று. அவற்றில் ஏழு டைகருடையவை. 2000ஆம் ஆண்டு பெபிள் பீச்சில் நடந்த அமெரிக்க ஓப்பனில் இரண்டாம் இடத்துக்காரர்களைவிட 15 அடி குறைவாக முடித்தார். முதல் இரண்டு நாளில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பும் வடிகட்டலுக்கு 'கட்' என்று பெயர். 1998இலிருந்து 2005 வரை தொடர்ந்து 142 போட்டிகளில் அவர் அந்தக் கட்டைத் தாண்டினார். உலகின் முதலிடத்தில் மொத்தம் 683 வாரம் இருந்தார். பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வருகிறது கணக்கு. ஜெயிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற காரியம். ஆள்வதற்கு இத்தனை வாரம் வேண்டியிருந்தது.

2008 பிப்ரவரியில் துபாய் டெசர்ட் கிளாசிக்கின் கடைசி நாள் நான் அங்கே இருந்தேன். போட்டி வாரத்தில் மற்ற மைதானங்களிலிருந்தும் ஆட்களை இரவல் வாங்குவார்கள். பதினெட்டாவது குழிப் பக்கம் மணல் வாரும் கூட்டத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நான்கு அடி பின்தங்கிய நிலையில் அன்றைய ஆட்டத்தைத் தொடங்கிய டைகர் 65 அடியில் முடித்தார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கிரீன் என்றும், அதில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடிக்குப் பட் என்றும் பெயர். கடைசி கிரீனில் நீளமான பட் ஒன்று பாக்கி. பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே எங்களோடு நின்ற கொல்லம்காரர் ஒருவர் வாருகோலைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "விழத்தானே போகிறது, நின்று என்ன பார்க்க?" என்றார். விழுந்தது. மார்ட்டின் கைமரை ஒரே அடியில் முந்தினார். அந்தக் கொல்லம்காரரின் முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. கோல்ஃப் விதிகளில் பாதிகூட அவருக்குத் தெரியாது. அவரே முடிவைப் பார்க்க நிற்கவில்லை என்றால், எதிரில் ஆடியவர்களின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும்?

அதே மைதானம், ஒன்பது ஆண்டு கழித்து, 2017 பிப்ரவரி. முதல் நாள் 77 அடி. நிர்ணயித்த அடிக்கு ஒன்று குறைவாக ஒரு குழியை முடித்தால் பர்டி என்பார்கள். அன்று ஒரு பர்டிகூட இல்லை. சரிவுகளில் இறங்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். மருந்துவாழ்மலையிலிருந்து இறங்கும் வயதானவர்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். ஏறும்போது மூச்சு மட்டும்தான் வாங்கும், இறங்கும்போதுதான் முட்டும் இடுப்பும் கணக்குக் கேட்கும். அப்படி இருந்தது. மறுநாள் காலை முதுகுப் பிடிப்பு என்று சொல்லி விலகிவிட்டார். அவர் 41 வயதைத் தாண்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இங்கே என் அப்பாவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் வெட்டினார். இந்த வேலையை அறியாதவர்களுக்காக: இருட்டு விலகுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, கத்தியால் பட்டையைச் சரிவாகச் சீவ வேண்டும். சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் அதிகமானால் உள்ளே மரத்தில் காயம் படும். கத்தி போகிற சத்தத்தை வைத்தே அப்பா ஆழத்தைச் சொல்லிவிடுவார். சிரட்டையை நேராக்கி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூடக் கிடையாது.

நாற்பது வயதில் அப்பா ஒரு காலையில் 350 மரம் வெட்டுவார். அறுபத்திரண்டு வயதிலும் கை அப்படியே இருந்தது. கங்காணி புது ஆட்களைக் கூட்டிவந்து அப்பா வெட்டிய பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்வார், அவ்வளவு வழவழப்பு. ஆனால் மரம் 350 இல்லை, 160. மலைச்சரிவில் தட்டுத் தட்டாக வெட்டிய பாதையில் ஏறி இறங்கி, ஒவ்வொரு மரத்திலும் குனிந்து நிமிர்ந்து, நூற்றறுபதாவது மரத்தில் முட்டு நின்றுவிடும். சரி, மெதுவாகப் போய் மத்தியானத்துக்குள் 350ஐ முடிக்கலாமே என்றால் அதற்கும் வழி இல்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். கை தயாராக இருக்கும், நேரம் இருக்காது.

டைகருக்கு நடந்தது இதுதான் என்பது என் எண்ணம். 2014இல் ஒன்று, 2015இல் இரண்டு என்று முதுகில் மூன்று அறுவைச் சிகிச்சை. 2017 ஏப்ரலில் நான்காவதாக, கீழ் முதுகில் தேய்ந்த தட்டை எடுத்துவிட்டு இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைத்தார்கள். உலகத் தரவரிசையில் 1,199ஆம் இடம் வரை இறங்கினார். எலும்பை இணைத்த முதுகோடு ஒருவர் எப்படிச் சுழற்றி அடிப்பார் என்று எல்லாரும் கேட்டார்கள். மறு ஆண்டு, 2018 மார்ச்சில், வால்ஸ்பார் போட்டியில் அவர் மட்டை சுழன்ற வேகத்தை அளந்தபோது மணிக்கு 129 மைல் இருந்தது. அதாவது சுமார் 208 கிலோமீட்டர். நாற்பத்திரண்டு வயதில், இருபத்தைந்து வயதுக்காரர்களும் வாய் பிளக்கும் வேகம். ஆகவே பலம் போய்விட்டது என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

போனது எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை பந்து அடித்துப் பழக முடியும், ஆண்டுக்கு எத்தனை போட்டிக்குப் பெட்டி கட்ட முடியும், எத்தனை வாரம் தொடர்ந்து காலையில் எழுந்ததும் உடம்பு வளையும் என்ற எண்ணிக்கை. டி.வி.யில் நமக்குத் தெரிவது அந்த ஒரு சுழற்று. அதற்குப் பின்னால் அந்த வாரம் அடித்திருக்க வேண்டிய ஆயிரம் பந்து தெரியாது. ஆயிரத்துக்குப் பதில் இருநூறு அடித்துவிட்டு வருகிறவரிடம் நான்கு நாளில் ஏதோ ஒரு நாள் பிசகிவிடும். எந்த நாள் என்பது அவருக்கே தெரியாது.

ரப்பரில் இன்னொரு சங்கதி உண்டு. வெட்டிய பட்டை சில ஆண்டில் புதிதாக வளர்ந்து மூடும். அந்தப் புதுப்பட்டையில் மறுபடி வெட்டலாம். ஆனால் முதல் முறை வெட்டியபோது கத்தி ஆழமாகப் போயிருந்தால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். எப்பேர்ப்பட்ட கைகாரர் வந்தாலும் அதில் நேராக வெட்ட முடியாது. டைகர் தொழில்முறையாக ஆடத் தொடங்கிய முதல் ஐந்தாறு ஆண்டுகளில் வாரத்துக்கு முப்பது மைலுக்கு மேல் ஓடியவர். அந்த ஓட்டம்தான் தன் உடம்பையும் முழங்காலையும் கெடுத்தது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். 2008 அமெரிக்க ஓப்பனை, இடது முழங்கால் நாண் அறுந்து, காலெலும்பில் கீறல் விழுந்த நிலையில், சமநிலையை முறிக்க ஆடிய ஐந்தாம் நாளையும் சேர்த்து 91 குழி ஆடி ஜெயித்தார். உலகமே அதை வீரம் என்று கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். இப்போது யோசித்தால், அந்தக் கத்தி கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது என்று படுகிறது.

சரி, 2019.

அந்த ஏப்ரல் 14 சித்திரை முதல் தேதி. அதுவே குருத்தோலை ஞாயிறும். எங்கள் வீட்டில் பாயசம், எதிர்வீட்டுக்காரர்கள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த குருத்தோலையைச் சிலுவையாக மடக்கிக் கதவில் செருகியிருந்தார்கள். துபாயை விட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது எனக்கு. அமெரிக்காவில் மழை வரும் என்று மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டதால் நமக்கு இரவு நேரத்தில் பார்க்கும்படி அமைந்தது. டைகர் இரண்டு அடி பின்னால். முன்னால் இருந்தவர் இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ மொலினாரி.

பன்னிரண்டாவது குழி. வெறும் 155 கெஜம். பள்ளிக்கூட மைதானத்தின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். முன்னால் ஓடை, பின்னால் மேடு, நடுவில் குறுகலான கிரீன், மேலே எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாத காற்று. கொடி வலது ஓரத்தில். கடைசி இரண்டு குழுக்களில் ஆடிய ஆறு பேரில் நான்கு பேர், கெப்கா, பூல்ட்டர், மொலினாரி, ஃபினாவ், பந்தை ஓடையில் போட்டார்கள். டைகர் கொடியைப் பார்க்கவே இல்லை. இடது பக்கமாக, கிரீனின் நடுப்பாகத்தில், பத்திரமான இடத்தில் போட்டுவிட்டு நடந்தார். இரண்டு பட்டில் முடித்தார். அந்தக் குழியில் மொலினாரி இரண்டு அடி இழந்தார். ஆட்டம் அங்கேதான் மாறியது. இரவு பன்னிரண்டு மணி வாக்கில், நாற்பத்து மூன்று வயதில், ஒரே ஓர் அடி வித்தியாசத்தில், தன் 15ஆவது மேஜரை வாங்கினார். நான் பாயசத்தின் மிச்சத்தைச் சூடாக்கிக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

அந்த வெற்றியின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட வெற்றி என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 மேஜர்களிலும் கடைசி நாள் காலையில் அவர் முதலிடத்தில் இருந்தார், தனியாகவோ பங்காகவோ. பின்தங்கிய நிலையிலிருந்து அவர் வென்ற முதல் மேஜர் இதுதான். 2000இல் பதினைந்து அடியில் நொறுக்கியவர், 2019இல் மற்றவர்கள் தப்புச் செய்யும் வரை காத்திருந்து வாங்கினார். காத்திருக்கத் தெரிவது பெரிய வித்தை. ஆனால் வாராவாரம் மற்றவர்கள் ஓடையில் பந்தைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வயதான வீரர்கள் நிகழ்த்திய அற்புதங்களை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். அவை எங்கே நடந்தன என்று பாருங்கள். ஜாக் நிக்லாஸ் 1986இல் 46 வயதில் வென்றது மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில். டைகர் 2019இல் வென்றதும் அகஸ்டாவில். மேஜர்களில் ஆண்டுதோறும் ஒரே மைதானத்தில் நடப்பது மாஸ்டர்ஸ் மட்டும்தான். அங்கே ஞாபகத்துக்கு விலை உண்டு. எந்த மேட்டில் விழுந்த பந்து எந்தப் பக்கம் வழியும் என்பது இருபது, முப்பது ஆண்டு வந்துபோனவருக்குத்தான் தெரியும்.

மற்ற அற்புதங்கள் கடற்கரையில், காற்றில். 2008 பிரிட்டிஷ் ஓப்பனில் கிரெக் நார்மன் 53 வயதில் மூன்று நாள் முடிவில் முதலிடத்தில் இருந்தார். மறு ஆண்டு டர்ன்பெர்ரியில் டாம் வாட்சன். 2021இல் ஃபில் மிக்கெல்சன் 50 வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்று, மேஜர் வென்றவர்களிலேயே வயதில் மூத்தவர் ஆனது கியாவா தீவில், அட்லாண்டிக் காற்றில். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆனி, ஆடிக் காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு இது புரியும். அங்கே வண்டியின் சக்தி பெரிதில்லை. எப்போது சாய வேண்டும், லாரி தாண்டும்போது எப்போது நிமிர வேண்டும் என்று தெரிந்த ஐம்பது வயதுக்காரர், புது வண்டியில் வரும் இருபது வயதுப் பையனை முப்பந்தலுக்குள் முந்திவிடுவார். ஆனால் நான்குவழிச் சாலையில் ஏறியதும் பையன் போயே போய்விடுவான். கோல்ஃபின் ஆண்டுப் பயணத்தில் பெரும்பகுதி அந்த நான்குவழிச் சாலைதான்.

வாட்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் மனசுக்கு நெருக்கமான தோல்வி அது. 59 வயது. ஒன்பது மாதம் முன்பு இடுப்பு மூட்டு மாற்றியவர். கடைசிக் குழியில் நிர்ணயித்த அடியில் முடித்தால் போதும், ஆறாவது பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம். இரண்டாவது அடி நன்றாகவே போனது, கொஞ்சம் அதிக நன்றாக. பந்து கிரீனைத் தாண்டி உருண்டுவிட்டது. திரும்பக் கொண்டுவந்து, எட்டடி தூரத்து பட்டைத் தவறவிட்டார். அதன் பிறகு சமமாக முடித்த ஸ்டூவர்ட் சிங்க்குடன் நான்கு குழி கூடுதலாக ஆட வேண்டிவந்தபோது கால்கள் தீர்ந்துவிட்டன. பார்த்தவர்களுக்கே தெரிந்தது. 72 குழிக்கு அளந்து கட்டிய சோறு 76 குழிக்குப் போதவில்லை.

நிக்லாஸ் கதையும் அப்படித்தான். 1986 மாஸ்டர்ஸுக்கு முன் அட்லாண்டாவில் ஒரு பத்திரிகையாளர் அவர் ஆட்டம் முடிந்துவிட்டது என்று எழுத, நண்பர் ஒருவர் அதை வெட்டி, நிக்லாஸ் தங்கியிருந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். கடைசி ஒன்பது குழியை 30 அடியில் முடித்து அவர் பதில் சொன்னார். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் முதன்மைச் சுற்றில் அவர் ஒரு போட்டிகூட வெல்லவில்லை என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பத்திரிகையாளர் ஒரு வாரத்துக்குத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்படியானால் விஜய் சிங்?" என்று மருமகன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். ஃபிஜித் தீவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர்; 34 வெற்றிகளில் 22 நாற்பது வயதுக்குப் பிறகு வந்தவை. 2004இல் ஒரே ஆண்டில் ஒன்பது போட்டி வென்று, டைகரிடமிருந்தே முதலிடத்தைப் பறித்தார். அப்போது அவருக்கு வயது 41. பயிற்சியிடத்தில் விடிந்தால் அடைந்தால் நிற்கிற மனிதர். ஆனால் அவர் எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. அதுதான் அவருடைய முதல் வருகை. சில பலா மரம் பிந்திக் காய்க்கும். ஒரு தடவை காய்த்து ஓய்ந்த மரத்தின் கதை வேறு.

உண்மையாகவே திரும்பி வந்து ஆண்டவர் என்றால் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: பென் ஹோகன். 1949 பிப்ரவரியில் அவருடைய கார் மீது பஸ் மோதியது. இடுப்பும் கழுத்தெலும்பும் கணுக்காலும் நொறுங்கின. கால்களில் ரத்தம் கட்டிக்கொள்ள, இனி நடப்பதே சந்தேகம் என்றார்கள். பதினாறு மாதத்தில் அமெரிக்க ஓப்பனை வென்றார். ஒன்பது மேஜர்களில் ஆறு அந்த விபத்துக்குப் பிறகு. 1953இல் மூன்று மேஜர்கள், வயது நாற்பது. இதைக் காட்டி டைகருக்கும் முடியும் என்பார்கள். ஹோகன் அதை எப்படிச் செய்தார் என்று பார்க்க வேண்டும். அந்த 1953 முழுக்க அவர் ஆடியது ஆறே போட்டி. ஐந்தில் வென்றார். 160 மரம் என்று உடம்பு சொன்னதும், எந்த 160 என்று அவர் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தார். தவிர, விபத்து நடந்தபோது அவருக்கு வயது 36. 2021 பிப்ரவரியில் டைகரின் கார் உருண்டு வலது கால் எலும்புகள் நொறுங்கியபோது அவருக்கு 45. முதுகு அதற்கு முன்பே ஐந்து தடவை கத்தி பார்த்திருந்தது. அந்த ஒன்பது வருடம் சாதாரண வித்தியாசம் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு டைகர் செய்ததும் லேசான காரியம் அல்ல. பதினான்கு மாதத்தில் மாஸ்டர்ஸ் ஆடி கட் தாண்டினார், 47ஆம் இடம். 2023இல் கணுக்காலுக்குக் கீழே எலும்பை இணைக்கும் சிகிச்சை. 2024 மாஸ்டர்ஸில் தொடர்ந்து 24ஆவது தடவையாகக் கட்டைத் தாண்டிச் சாதனை படைத்தார்; மறுநாள் 82 அடித்தார். முதல் இரண்டு நாளும் மூன்றாம் நாளும் ஒரே மனிதர்தான், ஒரே கைதான். 2025இல் மார்ச்சில் குதிகால் நாண் அறுந்தது, அக்டோபரில் முதுகில் தட்டு மாற்றினார்கள். பட்டியல் போதும்.

உடம்பைத் தவிர இன்னொன்றும் போயிருக்கிறது. பயம். அவருடையதல்ல, மற்றவர்களுடையது. 2009 ஆகஸ்டு வரை, கடைசி நாள் காலையில் டைகர் முன்னணியில் இருந்து இழந்த மேஜர் ஒன்றுகூட இல்லை. அந்த மாதம் ஹேசல்டைனில் தென் கொரியாவின் ஒய்.இ. யாங், உலகத் தரவரிசையில் நூறுக்கும் கீழே இருந்தவர், நேருக்கு நேர் ஆடி அவரை வென்றுவிட்டார். எங்கள் தொழிலாளர் குடியிருப்பில் அன்று இரவு யாரும் நம்பவில்லை. ஸ்கோரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். களரியில் ஆசானை ஒரு சீடன் ஒரு தடவை தொட்டுவிட்டால், அடுத்த நாள் எல்லாச் சீடர்களின் கையும் கொஞ்சம் நீளமாகிவிடும். அதற்கு மருந்து இல்லை.

இப்போது ஆள்பவர் ஸ்காட்டி ஷெஃப்லர். 1996 ஜூனில் பிறந்தவர். டைகர் 1997இல் பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் முதல் மாஸ்டர்ஸை வென்றபோது பத்து மாதம்கூட நிறையாத குழந்தை. உடற்பயிற்சி, உணவு, பந்தை அளக்கும் கருவிகள் என்று டைகர் தனக்காகக் கொண்டுவந்த ஒழுங்கு எல்லாம் இந்தத் தலைமுறைக்குப் பாலோடு ஊட்டியது. டைகரின் காலத்தில் அவர் ஒருவர்தான் அப்படித் தயாராகி வந்தார், மற்றவர்களில் பலர் சாயங்காலம் பீரோடு உட்கார்ந்தார்கள். இன்று எழுபதாம் இடத்துக்காரரும் அவரைப் போலத்தான் தயாராகிறார். 2000ஆம் ஆண்டு டைகரையே இறக்கிவிட்டாலும் 15 அடி வித்தியாசம் வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஜெயிப்பார், ஆனால் இடைவெளி சுருங்கும்.

மீதி இருப்பது மூத்தோர் சுற்று. ஐம்பது நிறைந்தவர்களுக்கானது. பெரும்பாலும் மூன்று நாள், 54 குழி. அங்கே பெரும்பாலான போட்டிகளில் வண்டியில் போகலாம். முதன்மைச் சுற்றில் நடந்தே ஆக வேண்டும் என்பது விதி. டைகரும் அதில் வண்டி கேட்கப்போவதில்லை என்று பிடிவாதமாகச் சொன்னவர். பெர்ன்ஹார்டு லாங்கர் என்ற ஜெர்மானியர் இந்த மூத்தோர் சுற்றில் 2024 நவம்பரில், 67 வயதில், தன் 47ஆவது போட்டியை வென்றார். ஆதிக்கம் என்ற சொல்லை வயதானவர் ஒருவருக்குக் கூசாமல் போடலாம் என்றால் அவருக்குத்தான் போடலாம். மேஜர் இரண்டுதான் வென்றவர், ஆனால் இளமையில் தன் பட்டையை ஆழமாக வெட்டிக்கொள்ளாதவர். நடக்கத் தேவையில்லாத இடத்தில், வாரத்துக்கு மூன்றே நாள் என்றால், டைகரின் கைக்கு அங்கே ஈடு சொல்ல ஆள் குறைவு. மருமகன் கேட்ட கேள்விக்கு "ஆம்" என்ற பதில் எங்காவது ஒளிந்திருக்கிறது என்றால் இங்கேதான். ஆனால் 683 வாரம் உலகத்தை ஆண்டவருக்கு அது இனிக்குமா? என் அப்பா எஸ்டேட்டை விட்டு நின்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் நாற்பது மரத்தை எழுபது வயது வரை வெட்டினார். சுற்றுவட்டாரத்தில் அதைப் போல வெட்டு கிடையாது. அவருக்கு அது இனித்தது. ஆனால் அவரை யாரும் டி.வி.யில் 350 மரத்தோடு ஒப்பிடவில்லை.

மருமகனுக்கு ஒரு யோசனை. டைகர் மறுபடி அகஸ்டாவில் இறங்கினால் நீ ஸ்கோரைப் பார்ப்பாய், அடி எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பாய். அதை விடு. பத்தாவது குழி செங்குத்தாகக் கீழே இறங்கும். நம் வேளிமலைச் சரிவு மாதிரி. அவர் அடித்ததும் கேமரா பந்தோடு போய்விடும். போகும் முன் இரண்டு நொடி அவர் திரையில் இருப்பார். குனிந்து, பந்தைத் தாங்கிய டீ குச்சியை எடுக்கும்போது எந்த முட்டை மடக்குகிறார், எடுத்த பிறகு முதல் எட்டை எந்தக் காலில் வைக்கிறார் என்று பார். வியாழக்கிழமை பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை மறுபடி பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்.